சுங்கத்தில் சிக்கும் சிறு பொட்டலங்கள்: வரி குறைந்தும் தீராத தாமதம்

புதுதில்லி: சொந்த உபயோகத்துக்காக வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்படும் பொருள்களுக்கான சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2026-ம் ஆண்டு பிப்ரவரி 1-ம் தேதி மக்களவையில் அறிவித்தார். ஏப்ரல் 1-ம் தேதி முதல் நடைமுறைக்கு வரும் வகையில் வெளியான இந்த அறிவிப்பு, நீண்ட பட்ஜெட் உரையில் ஓரிரு வாக்கியங்களுக்குள் முடிந்துவிட்டது. பெரிய தொழில்கள், பாதுகாப்புச் செலவு, மாநிலங்களின் பங்கு ஆகியவை குறித்தே விவாதங்கள் நடைபெற்றதால் இதைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

ஆனால், தபால்தலை சேகரிப்போர், மாதிரி விமானங்களையும் ரயில்களையும் உருவாக்குவோர், ஹாம் ரேடியோ இயக்குவோர், தொலைநோக்கி செய்வோர், மின்னணுக் கருவிகளை வீட்டிலேயே வடிவமைக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இந்த ஓரிரு வாக்கியங்களே பட்ஜெட். அவர்களின் நீண்ட நாள் குறைகளில் ஒன்று இதன்மூலம் ஓரளவு தீர்ந்துள்ளது. மற்றொரு குறையோ அப்படியே இருக்கிறது. வரி எவ்வளவு என்பது முதல் குறை. அந்த வரி எப்போது, எங்கே, எந்த முறையில் வசூலிக்கப்படுகிறது என்பது இரண்டாவது குறை. அரசு இதுவரை கை வைத்திருப்பது முதலாவதில் மட்டுமே.

துறைமுகம் அருகே, பொட்டலம் தொலைவில்

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நவி மும்பையின் வாஷி பொருத்தமான இடம். சிட்கோ நிறுவனம் 1970-ல் தொடங்கப்பட்ட பின் உருவான புதிய நகரில் முதலில் வளர்ந்த பகுதிகளுள் ஒன்று வாஷி. 1992-ல் கழிமுகத்தைக் கடந்து புறநகர் ரயில் வந்ததும், தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வசித்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு குடியேறின. நவி மும்பைத் தமிழ்ச் சங்கம் இயங்குவதும் இங்கேதான். இக்குடும்பங்களில் பலவற்றுக்கு அமெரிக்காவிலோ, வளைகுடா நாடுகளிலோ, சிங்கப்பூரிலோ ஓர் உறவினராவது இருப்பார்.

வாஷிக்குத் தெற்கே, நாட்டின் மிகப் பெரிய கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றான நவசேவா உள்ளது. 2025-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி விமானப் போக்குவரத்தைத் தொடங்கிய நவி மும்பை சர்வதேச விமான நிலையமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கழிமுகப் பாலத்தைக் கடந்தால் வரும் மான்குர்டில், பள்ளி மாணவர்களைச் சர்வதேச அறிவியல் ஒலிம்பியாட் போட்டிகளுக்குத் தயார் செய்யும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உள்ளது. துறைமுகம், விமான நிலையம், அறிவியல் மையம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 400703 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு வரவேண்டிய அரைக்கிலோ பொட்டலம் எந்த நாளில் வரும் என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடிவதில்லை.

ஒரு பொட்டலத்தின் பயணம்

வாஷியில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், ஜப்பானிலிருந்து ரூ.3,000 மதிப்புள்ள மாதிரி விமானப் பாகங்களைத் தருவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தின் மேல் சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற சர்வதேசச் சுங்க உறுதிமொழிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது என்ன, அதன் மதிப்பு என்ன என்பதை அனுப்புபவர் அதில் தெரிவிக்க வேண்டும்.

மும்பைக்கு வரும் இத்தகைய பொட்டலங்களைக் கையாளும் முக்கிய இடம், பல்லார்டு எஸ்டேட்டில் உள்ள வெளிநாட்டு அஞ்சலகம். அங்கு அஞ்சல் துறையும் சுங்கத் துறையும் ஒரே கூரையின் கீழ் பணியாற்றினாலும் பொறுப்புகள் தனித்தனி. பொட்டலம் அஞ்சல் துறையின் காவலில் இருக்கும். அதை விடுவிக்கலாமா என்பதையும் வரி எவ்வளவு என்பதையும் சுங்க அதிகாரியே முடிவு செய்வார். விவரம் போதவில்லை என்று கருதினால் விலைச்சீட்டு, பணம் செலுத்திய ஆதாரம், அடையாளச் சான்று ஆகியவற்றைக் கேட்டு முகவரிதாரருக்குக் கடிதம் அனுப்புவார். அக்கடிதத்துக்குப் பதில் கிடைக்கும் வரை பொட்டலம் நகராது. இணையத்தில் தேடினால் அது சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற ஒரே தகவல் நாள்தோறும் காட்சி தரும்.

இதில் சட்டத்தின் நுணுக்கம் ஒன்றும் உண்டு. அஞ்சல் மூலம் வரும் பொருளுக்கு எந்தத் தேதியின் வரி விகிதம் பொருந்தும் என்பதை 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 83-வது பிரிவு கூறுகிறது. பொருள் வாங்கப்பட்ட நாளோ, விமானத்தில் வந்திறங்கிய நாளோ கணக்கில் வராது. வரி மதிப்பீட்டுக்கான பட்டியலை அஞ்சல் துறை சுங்க அதிகாரியிடம் அளிக்கும் நாளே கணக்கு. எனவே, வரி விகிதம் மாறும் காலங்களில், அஞ்சல் துறை பட்டியல் தர ஆகும் தாமதம் வரித் தொகையையே மாற்றிவிடக் கூடும். அந்தத் தாமதத்தில் பொருளை வாங்கியவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

வரிக் கணக்கு

சொந்த உபயோகத்துக்காக அஞ்சல் அல்லது விமானம் வழியே வரும் வரிக்குரிய பொருள்கள் அனைத்தும், சுங்க வரி அட்டவணையின் 9804 என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்குகின்றன. மருந்துகளுக்கு மட்டும் அதில் தனி உட்பிரிவு உண்டு. மாதிரி ரயிலும், பேனா முள்ளும், தொலைநோக்கி ஆடியும், மின்னணுத் தகடும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

2025-ம் ஆண்டு பட்ஜெட்டுக்கு முன்பு இத்தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். அதன்மேல் 10 சதவீத சமூக நல மேல்வரி. இவை சேர்ந்த தொகையின்மேல் 28 சதவீத ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வரிக்கு வரி என்ற இந்த அடுக்கைக் கூட்டினால் மொத்தச் சுமை 77.28 சதவீதம் ஆகிறது. ரூ.3,000 மதிப்புள்ள பாகங்களுக்கு ரூ.2,318 வரி. அனுப்பும் செலவும் மதிப்பில் சேர்க்கப்படுவதால் உண்மையான தொகை இதைவிடக் கூடும்.

2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் அடிப்படை வரி 20 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. சீரமைப்பில் 28 சதவீதம் 18 ஆனது. 2026-ம் ஆண்டு பட்ஜெட்டில் அடிப்படை வரி 10 சதவீதமாக மேலும் குறைக்கப்பட்டது. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தச் சுமை சுமார் 30 சதவீதத்துக்கு வருகிறது. அதே ரூ.3,000 பொட்டலத்துக்கு ஏறத்தாழ ரூ.900. இது கணிசமான சலுகை என்பதில் ஐயமில்லை.

ஆனால், எவ்வளவு சிறிய பொட்டலமானாலும் அதிகாரியின் மேசைக்கு வந்தே தீரவேண்டும் என்ற நிலையில் மாற்றம் இல்லை. சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவின் 6-வது உட்பிரிவின்படி, வரித் தொகை ரூ.100 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வசூலிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் சிறு பொட்டலத்துக்கு உள்ள பொதுவான வரம்பு இது ஒன்றே. 77.28 சதவீத வரி இருந்தபோது ரூ.129 மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் பொருளும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ ரூ.330. அனுப்பும் செலவே அதைவிட அதிகம் என்பதால், இவ்விலக்கு கிட்டத்தட்ட ஏட்டளவில்தான் இருக்கிறது.

ராக்கிக்கு உண்டு, பொங்கல் பரிசுக்கு இல்லை

முன்பு நிலைமை இவ்வாறு இல்லை. உறவினரும் நண்பரும் அனுப்பும் உண்மையான அன்பளிப்புகளுக்கு ரூ.5,000 வரை வரி விலக்கு இருந்தது. வெளிநாட்டில் உள்ள அண்ணனோ, மாமாவோ பிறந்தநாளுக்கு அனுப்பும் ஒரு பெட்டி அதற்குள் அடங்கிவிடும்.

சீன இணைய வணிக நிறுவனங்கள் சில, இந்திய வாடிக்கையாளர்கள் விலைக்கு வாங்கிய பொருள்களையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பத் தொடங்கியபோது இந்த வழி அடைபட்டது. வரி செலுத்தி வணிகம் நடத்தும் உள்நாட்டுக் கடைக்காரர்கள் முறையிட்டனர். அவர்களது புகாரில் நியாயம் இருந்தது. 2019-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. அதன்படி, அஞ்சல் அல்லது கூரியர் மூலம் வரும் பொருள்களை அன்பளிப்பு என்ற பெயரில் சுங்கத்தில் விடுவிக்கக் கோருவது தடை செய்யப்பட்டது. முழு வரியைச் செலுத்தினால் மட்டும் அனுமதி. உயிர் காக்கும் மருந்துகளும் ராக்கியும் மட்டுமே தடையிலிருந்து விலக்குப் பெற்றன. ராக்கியுடன் சேர்த்து அனுப்பும் பரிசுக்குக்கூட விலக்கு இல்லை என்று அறிவிக்கையிலேயே விளக்கம் தரப்பட்டது.

சகோதரிகளின் உணர்வுக்கு அரசு மதிப்பளித்தது வரவேற்கத்தக்கதே. எனினும், தீபாவளிக்குத் துபாயிலிருந்து பேரனுக்கு வரும் சட்டைக்கும், பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து தங்கைக்கு வரும் புடவைக்கும் அந்த மதிப்பு ஏன் கிட்டவில்லை என்ற கேள்விக்கு அறிவிக்கையில் பதில் இல்லை. சில நிறுவனங்கள் செய்த மோசடிக்காக எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய சலுகை பறிக்கப்பட்டது என்பதே உண்மை.

அடுத்த ஆண்டு நவம்பர் 24-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸும் இடம்பெற்றது. எல்லைப் பதற்றத்தின் பின்னணியில், நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி எடுக்கப்பட்ட முடிவு அது. அதை எதிர்க்க எவரும் முன்வரவில்லை. ஆனால், ஒன்றிரண்டு மின்னணு உதிரிபாகங்களைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்த மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் அதனால் ஒரு வழி அடைபட்டது. மும்பையில் லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைப்பது கிடைக்கும். கிடைக்காததை, கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகரிடம் வாங்க வேண்டும், அல்லது வேறு நாட்டிலிருந்து தருவித்துச் சுங்கத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

மூச்சுக்கும் அதே தலைப்பு

சொந்த உபயோகம் என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பதன் விளைவு, கொரோனா இரண்டாம் அலையின்போது நாடறிய வெளிப்பட்டது. 2021-ம் ஆண்டு மே மாதம் தில்லியைச் சேர்ந்த 85 வயது முதியவர் ஒருவருக்கு, அமெரிக்காவில் இருந்த உறவினர் ஆக்ஸிஜன் செறிவூட்டி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். சொந்த உபயோகத்துக்கு வரும் அக்கருவிக்கான ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யை மத்திய அரசு மே 1-ம் தேதிதான் 28 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைத்திருந்தது. அதே கருவி, மாநில அரசு அங்கீகரித்த அமைப்பின் வழியே இலவச விநியோகத்துக்காக வந்தால் அந்த வரியே கிடையாது.

முதியவர் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். தனிநபருக்கு அன்பளிப்பாக வரும் கருவிக்கு வரி விதிப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று மே 21-ம் தேதி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் மேல்முறையீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், வரிவிதிப்பு கொள்கை சார்ந்த விஷயம் என்ற வாதத்தைக் கருத்தில் கொண்டு ஜூன் 1-ம் தேதி தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் ஜி.எஸ்.டி. கவுன்சில் அவ்வரியைத் தற்காலிகமாக 5 சதவீதமாகக் குறைத்தது.

மாதிரி விமானத்தையும் மூச்சுக்கான கருவியையும் ஒப்பிட முடியாது. ஆனால், இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்தான் நாட்டுக்குள் நுழைந்தன. தனக்கென ஒன்றைத் தருவிக்கும் தனிமனிதருக்கு வரிச் சட்டத்தில் உரிய இடம் இல்லை என்பதையே அவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது.

ஆய்வகத்துக்கு ஊக்கம், பொட்டலத்துக்குத் தடை

மத்திய அரசின் இருவேறு கொள்கைகள் இங்கு ஒன்றோடொன்று மோதுகின்றன. பள்ளி மாணவர்கள் தம் கையாலேயே கருவிகளை உருவாக்கிப் பழக வேண்டும் என்பதற்காக அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016 முதல் அமைக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ரூ.20 லட்சம் வரை மானியம். அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் மேலும் 50 ஆயிரம் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தில் ஆர்வம் பிறந்த மாணவர் வீட்டில் அதைத் தொடர விரும்பினால், அவருக்கு வேண்டிய பாகம் சுங்கத்தில் காத்துக்கிடக்கும்.

வரி தவிர வேறு வாசல்களும் உண்டு. கம்பியில்லாத் தொடர்பு வசதி கொண்ட கருவிகளைத் தருவிக்க, தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் பிரிவின் ஒப்புதல் கேட்கப்படுகிறது. முழுமையான டிரோன்களையும், பிரித்து அனுப்பி இங்கு பொருத்தும் டிரோன் தொகுப்புகளையும் இறக்குமதி செய்ய 2022-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி தடை விதிக்கப்பட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதியுடன் விலக்கு. தனிப் பாகங்களுக்குத் தடையில்லை. எது தொகுப்பு, எது தனிப் பாகம் என்பதைப் பொட்டலத்தைத் திறக்கும் அதிகாரி தீர்மானிக்க வேண்டும்.

எத்தனை இருந்தால் சொந்த உபயோகம், எத்தனை இருந்தால் வணிகம் என்பதும் அவரது முடிவே. வணிகம் என்று கருதப்பட்டால் அந்தந்தப் பொருளுக்குரிய வழக்கமான வரி பாயும். சிறு அளவிலான மாதிரிகளும் அடங்கும் பொம்மைகள் பிரிவுக்கு 2020-ல் சுங்க வரி 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டதை நினைவில் கொண்டால், அதிகாரியின் கருத்தைப் பொறுத்துத் தொகை எவ்வளவு மாறும் என்பது விளங்கும். மதிப்பீட்டை எதிர்த்து 60 நாள்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடச் சட்டத்தில் இடமுண்டு. சில நூறு ரூபாய்க்காக வாஷியிலிருந்து எவரும் அவ்வளவு தூரம் செல்வதில்லை.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சுனாமி தாக்கியபோது, ஹாம் ரேடியோ குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், அந்தமானின் தொடர்புகள் அறுந்த வேளையில் வானொலி வழியே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அன்று கைகொடுத்தவர்கள் ஆர்வலர்களே.

பொறுப்பேற்காத அஞ்சலகம்

தாமதத்துக்கும் இழப்புக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி நாடாளுமன்றத்தின் முன் வந்த தருணம் ஒன்று உண்டு. 1898-ம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்துக்கு மாற்றாக, புதிய அஞ்சலக மசோதா 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி மாநிலங்களவையில் அறிமுகமானது. டிசம்பர் 4-ம் தேதி அங்கு நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறியது டிசம்பர் 18-ம் தேதி.

நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தரக் கோரி அமளி நிலவிய நாள் அது. இரு அவைகளிலும் சேர்த்து 78 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அன்று ஒரே நாளில் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அந்தக் கூச்சலுக்கிடையே, 125 ஆண்டுகள் பழமையான சட்டத்துக்கு மாற்றான மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2024-ம் ஆண்டு ஜூன் 18-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசர நிலை உள்ளிட்ட காரணங்களுக்காக எந்த அஞ்சலையும் இடைமறிக்கவும், திறக்கவும், நிறுத்தி வைக்கவும் புதிய சட்டத்தின் 9-வது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. தடை செய்யப்பட்ட பொருளோ, வரிக்குரிய பொருளோ இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் சுங்கத் துறையிடம் ஒப்படைக்கவும் அதில் இடமுண்டு. போதைப்பொருள் கடத்தலுக்கு வெளிநாட்டு அஞ்சல் பயன்படுத்தப்படும் இக்காலத்தில், சோதனை அதிகாரம் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை.

ஆனால், அடுத்து வரும் 10-வது பிரிவு, விதிகளில் குறிப்பிடப்பட்டவை தவிர, தன் சேவைகள் தொடர்பாக அஞ்சலகம் எவ்விதப் பொறுப்பும் ஏற்காது என்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. நிறுத்தி வைக்க அதிகாரம் உண்டு. எத்தனை நாள்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்ற கடமை இல்லை. கட்டணம் பெற உரிமை உண்டு. தாமதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மிகக் குறைவு. 1898-ன் சட்டம் போனது, அதன் மனப்போக்கு போகவில்லை.

எதிர்த்திசையிலும் அதே கதை

இந்தியாவிலிருந்து வெளியே செல்லும் பொட்டலங்களும் 2025-ல் இதே போன்ற சிக்கலுக்கு உள்ளாயின. 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரி விலக்கை, ஆகஸ்ட் 29-ம் தேதி முதல் ரத்து செய்து அதிபர் டொனால்டு டிரம்ப் உத்தரவிட்டார். வரியை யார், எப்படி வசூலித்துச் செலுத்துவது என்பது தெளிவாகாததால், விமான நிறுவனங்கள் அஞ்சல் பொட்டலங்களை ஏற்கத் தயங்கின. ஆகஸ்ட் 25-ம் தேதி முதல் பெரும்பாலான பார்சல்களையும், மாத இறுதியில் கடிதம் உள்பட அனைத்தையும் இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது.

சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15-ம் தேதி. இடையில் நவராத்திரி கடந்துவிட்டது. தீபாவளிக்கு ஐந்தே நாள்கள் இருந்தன. மகளுக்குக் கொலு பொம்மையும் பேத்திக்குப் பாவாடையும் அஞ்சலில் அனுப்ப நினைத்திருந்த குடும்பங்கள், கூரியர் நிறுவனங்களின் கட்டணத்தைக் கேட்டுத் திகைத்தன.

இந்த நிகழ்வில் இரு பாடங்கள் உள்ளன. விலக்குகளை ரத்து செய்த அமெரிக்காகூட 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கு விலக்கை விட்டுவைத்தது. இது முதல் பாடம். இரண்டாவது இன்னும் முக்கியமானது. சேவை மீண்டும் தொடங்கியபோது, அன்றைய நிலையில் 50 சதவீதமாக இருந்த அமெரிக்க வரியை, பார்சல் பதிவு செய்யும்போதே அனுப்புபவரிடம் வசூலித்து, அமெரிக்க சுங்கத் துறைக்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டை இந்திய அஞ்சல் துறை செய்தது. சுமார் 50 நாள்களில் இது சாத்தியமாயிற்று. வேறொரு நாட்டின் வரியை இங்குள்ள அஞ்சலகச் சாளரத்திலேயே முன்கூட்டி வசூலிக்க முடியுமானால், நம் நாட்டின் வரியை ஏன் பொட்டலம் வந்து சேர்ந்த பின், திறந்து பார்த்து, கடிதம் எழுதி வசூலிக்க வேண்டும்?

உலகம் காட்டும் வழி

சிறு பொட்டலங்களுக்கு வரி விதிப்பது இந்தியா மட்டும் அல்ல. ஆஸ்திரேலியா 2018-ம் ஆண்டு ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருள்களுக்கும் ஜி.எஸ்.டி. விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021-ம் ஆண்டு ஜூலையில் நீக்கியது. சிங்கப்பூர் 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான இணையக் கொள்முதலையும் வரி வளையத்துக்குள் கொண்டுவந்தது. சீனத்து மலிவுப் பொருள்களின் வரத்தும், உள்நாட்டு வணிகர்களின் நெருக்கடியும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை.

வேறுபாடு வசூலிக்கும் முறையில் இருக்கிறது. அந்நாடுகள் விற்பனை செய்யும் நிறுவனத்தையோ இணையச் சந்தையையோ பதிவு செய்யச் சொல்லி, வாங்கும் தருணத்திலேயே வரியைப் பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரையிலான பொருள்களுக்கு இதற்கெனத் தனிப் பதிவு முறை உண்டு. வாங்குபவர் மொத்தத் தொகையை முன்பே அறிகிறார். வரி ஏற்கெனவே செலுத்தப்பட்ட பொட்டலத்தை வரிக்காக நிறுத்தி வைக்கத் தேவை எழுவதில்லை. பாதுகாப்புச் சோதனைக்கு மட்டுமே அதிகாரிகளின் நேரம் செலவாகிறது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. இணையம் வழியே திரைப்படம், இசை, மென்பொருள் வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள வாடிக்கையாளர்களிடம் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யை வசூலித்துச் செலுத்தும் முறை ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத சேவைக்குப் பொருந்தும் முறை, கையில் பிடிக்கும் பொட்டலத்துக்கு இன்னும் விரிவுபடுத்தப்படவில்லை.

எஞ்சியிருக்கும் வேலை

அரசு செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பதிவு செய்த விற்பனையாளர்கள் முன்கூட்டியே வரி செலுத்திய பொட்டலங்களுக்குத் தனிப் பாதை. மற்ற பொட்டலங்களுக்கு, இத்தனை வேலை நாள்களுக்குள் முடிவு என்ற காலவரம்பு. எந்தத் தலைப்பில், எந்த மதிப்பில் வரி விதிக்கப்பட்டது என்பதை வாங்குபவர் தம் மொழியில் படித்தறியும் வகையில் ஒரு சீட்டு. ரூ.100 என்ற வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துதல். ஆண்டுக்கு ஓரிரு முறை என்ற கட்டுப்பாட்டுடன், உறவினரின் அன்பளிப்புக்கு மீண்டும் ஒரு நியாயமான விலக்கு. 10-வது பிரிவின் கீழ் விதிகளை வகுத்து, அஞ்சல் துறையின் தாமதத்துக்கும் இழப்புக்கும் உரிய இழப்பீடு.

இவற்றுள் எதற்கும் பொட்டலச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. உள்நாட்டு உற்பத்தியாளர்களின் நலனும் பாதிக்கப்படாது. உரிய வரியைச் செலுத்த மறுப்பவர்கள் அல்லர் இந்த ஆர்வலர்கள். எவ்வளவு என்பதையும் எப்போது என்பதையும் முன்கூட்டி அறிய விரும்புகிறவர்கள்.

தமிழகத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் தொகுதிகளில், வெளிநாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆயினும், அஞ்சலகச் சட்டம் நிறைவேறிய நாளில் அவையில் நடந்தது பொட்டலங்களைப் பற்றிய விவாதம் அல்ல. அச்சட்டத்தின் விதிகளும், சுங்க வரி அறிவிக்கைகளும் அவைகளின் மேசையில் வைக்கப்படும்போது கேள்வி எழுப்பவும் திருத்தம் கோரவும் உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. வரியைக் குறைக்க நிதியமைச்சரின் ஓர் அறிவிப்பு போதும். தாமதத்தைக் குறைக்க யாரேனும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.